இளம் பாம் (பனை வகை) மரத்தில் பழுக்கும் மட்டை: உடனே வெட்டுவதா, காயட்டும் என்று விடுவதா?

தென்னங்கன்றோ, பேரீச்சையோ, அழகுக்கு வைத்த பாமோ, அடிமட்டை பழுக்கத் தொடங்கியதுமே கை அரிவாளைத் தேடும். நம் முன் இருப்பது மூன்று வழி: பழுக்கும்போதே வெட்டுவது, முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டுவது, தானாக விழட்டும் என்று விட்டுவிடுவது. என் ஓட்டு இரண்டாவதற்கு.

உடனே வெட்டினால் கிடைப்பது பார்வைக்குச் சுத்தம், அவ்வளவுதான். மரத்துக்கு நஷ்டம் அதிகம். மண்ணில் பொட்டாஷ் போதாதபோது, மரம் அடிமட்டைகளில் இருக்கும் சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. பல நேரம் மட்டை பழுப்பதே அதனால்தான். அந்த மட்டையை எடுத்துவிட்டால் மரம் சும்மா இருக்காது, அடுத்த அடுக்கில் கை வைக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த மட்டையும் பழுக்கும். அதையும் வெட்டினால் அதற்கு மேலே உள்ளது. வளர்ந்த மரம் கொஞ்சம் தாங்கும். மொத்தமே எட்டு மட்டை உள்ள கன்றில் இரண்டு போனால் கால்வாசி போச்சு!

வெட்டும் முன் ஓலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொட்டுப் பொட்டாக இருந்து, நுனி தீய்ந்திருந்தால் பொட்டாஷ் குறைவு. ஓரமெல்லாம் அகலமான மஞ்சள் பட்டை, நடுவில் மட்டும் பச்சை என்றால் மெக்னீசியம் குறைவு. இரண்டுக்கும் மருந்து உரம்தான், அரிவாள் இல்லை. உரம் வைத்தாலும் பழுத்த ஓலை பச்சைக்குத் திரும்பாது. இனி வரும் ஓலைகள்தான் நன்றாக வரும், பொறுமை வேண்டும். குருத்தே பழுக்கிறது என்றால் அது வேறு சங்கதி. ஒற்றைத் தண்டு மரத்துக்கு வளரும் முனை அது ஒன்றுதான், உடனே கவனியுங்கள்.

பச்சைக் காயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் வாடைக்கு, தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும்.

தானாக விழ விடுவது தென்னைக்கும் பாக்குக்கும் சரி, காய்ந்ததை அவையே கழற்றிவிடும். பேரீச்சை அப்படியில்லை. காய்ந்த மட்டை வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், எலி தங்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அங்கே வெட்டத்தான் வேண்டும்.

எப்போது? மட்டை அடிவரை பழுப்பேறி, அழுத்தினால் ஈரம் தெரியாதபோது. தண்டை ஒட்டி வெட்டாமல் சிறு கட்டை விட்டு வெட்டுங்கள். பிடித்து இழுத்துக் கிழிக்கவே கூடாது. மா, வேம்பு மாதிரி காயத்தை மூடிக்கொள்ளும் திசு இந்த மரங்களுக்குக் கிடையாது, கிழிந்த இடம் கடைசிவரை அப்படியே நிற்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் கருவியைக் கழுவி, கிருமிநாசினியில் ஊற வையுங்கள். பேரீச்சை வகைகளைக் கொல்லும் பியூசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய் ரம்பம் வழியாகவும் பரவும்.

முறிந்து தொங்கும் மட்டை, நடைபாதையில் கண்ணைக் குத்தும் மட்டை என்றால் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடலாம்.

பாதி பழுத்தது கண்ணை உறுத்துகிறதா? கத்தரியால் பழுப்பு நுனியை மட்டும் நறுக்குங்கள். அப்புறம், பச்சையைத் தொடாமல் ஒரு நூல் பழுப்பை விட்டு நறுக்க வேண்டும். பச்சையில் வெட்டினால் அந்த விளிம்பும் மறுபடி காயும்.