போக்கர் பயிற்சி என்று ஆடும் ஸ்கிரீனைக் கேட்டால் கொடுக்காதீர்கள்

ஆன்லைன் போக்கர் சீட்டாட்ட டூர்னமென்ட்டுக்குத் தயார்படுத்துகிறோம் என்று ஒரு விளம்பரம் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து வட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழிலேயே வகுப்பு, வகுப்போடு சேர்த்து ஒரு போக்கர் ஆப்புக்குள் அவர்கள் நடத்தும் சொந்தக் கிளப்பில் டூர்னமென்ட், ஜெயித்தால் அன்றைக்கே காசு கணக்குக்கு வரும் என்கிறார்கள். வகுப்புக்கு 25,000 ரூபாய், சிப்ஸுக்கு (ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) 18,000 ரூபாய் கட்டினேன். ஒரு சதமும் திரும்பி வரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போகிற சாதாரண ஏமாற்று என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். இவர்கள் செய்வது வேறு.

விளம்பரத்தில் கிறிஸ் மணிமேக்கரின் படம். 86 டொலர் கட்டி ஆன்லைனில் ஒரு சாட்டலைட் (பெரிய போட்டிக்குப் போக இடம் தரும் சின்னப் போட்டி) ஆடி, அதில் கிடைத்த இடத்தை வைத்து 2003இல் வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் போக்கரின் பிரதான போட்டிக்குப் போய் 25 லட்சம் டொலர் வென்ற கணக்காளர். கதை உண்மைதான். அந்தப் போட்டியில் ஆடியது 839 பேர், பரிசு கிடைத்தது 63 பேருக்கு. இதை விளம்பரத்தில் போடவில்லை.

வகுப்பு நடத்துபவரை எல்லோரும் சேர் என்போம். பாடம் மோசமில்லை. பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாக முதலில் வைக்கவேண்டிய சிப்ஸ்) ஏற ஏற சிப்ஸ் எப்படிக் கரையும், கையிருப்பு 10 பிக் பிளைண்டுக்குக் (இரண்டில் பெரியது) கீழே இறங்கினால் ஏன் ஆல்-இன் (இருப்பதெல்லாம் வைப்பது) அல்லது போல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது) என்று ஆடவேண்டும், எல்லாம் தெளிவாகச் சொன்னார். டூர்னமென்ட் ஆடுபவன் பை-இன், அதாவது நுழையக் கட்டும் காசைப் போல நூறு மடங்காவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவும் சரியான ஆலோசனைதான். ஆனால் நம் காசில் அதைப் போட்டுப் பாருங்கள். 10 டொலர் டூர்னமென்ட்டுக்கு 1,000 டொலர், கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே, அந்தக் கணக்கில் இருநூறு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் சேர் ஒரு சுலபமான வழி காட்டினார்: வெளித் தளம் வேண்டாம், நம்ம கிளப்பிலேயே சின்னக் காசுக்கு ஆடிப் பழகுங்கள்.

அப்புறம்தான் ‘நேரடிப் பயிற்சி’ வந்தது. “தம்பி, ஆடும்போது ஸ்கிரீனை ஷெயர் பண்ணுங்க. பிழை விட்டா அந்த இடத்திலேயே சொல்றேன்.” ஷெயர் பண்ணினால் என் கையில் இருக்கும் இரண்டு சீட்டும் அவருக்குத் தெரியும். அதே மேசையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இது வெளிப்பட்டது எங்கள் தோட்டத்துச் சிக்னலால். மழை பிடித்துவிட்டால் லயத்துப் பக்கம் ஒரு கோடுதான் நிற்கும், ஸ்கிரீன் அந்தப் பக்கம் போய்ச் சேரச் சில வினாடி பிந்தும். “படம் லேட்டா வருது, டவுன் பக்கம் போய் ஆடுங்க” என்று சேர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி மழை பெய்த ஒரு இரவு, பிளைண்ட் 400/800. அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் 8,000 சிப்ஸ் இருந்தது. சீட்டு விழுந்த உடனேயே 6,000க்கு ரெய்ஸ் பண்ணினார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். என் கையில் இரண்டு கிங், மிகப் பலமான சீட்டு. ஆல்-இன் போட்டேன். அவர் இன்னும் 2,000 போட்டால் போதும், நடுவில் 15,000க்கு மேல் கிடக்கிறது. எந்தக் குப்பைச் சீட்டு வைத்திருந்தாலும் போட்டே தீரவேண்டிய இடம். நேரம் முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு போல்ட் பண்ணினார். என் சீட்டு அவருக்குத் தெரிந்திருந்தால் ஒழிய அந்த இடத்தில் போல்ட் வராது. ரெய்ஸ் பண்ணும்போது படம் வந்து சேரவில்லை, ஆல்-இன் போட்ட பிறகு வந்துவிட்டது.

அன்று இரவே ஆப்பில் பதிவாகியிருந்த பழைய கைகளை (ஆடி முடித்த சுற்றுகளை) ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நான் சுமாரான சீட்டில் ரெய்ஸ் பண்ணிய இடங்களில் அந்த இரண்டு பெயரில் ஒன்று ஆல்-இன். பெரிய ஜோடி வந்தபோது இரண்டு பேருமே ஒதுங்கியிருக்கிறார்கள். டேட்டா தீர்ந்து ஷெயர் அறுந்த நேரங்களில் மட்டும் எல்லோரையும் போல ஆடியிருக்கிறார்கள். 2007இல் அப்சலூட் போக்கர் தளத்தில் பிறர் சீட்டைப் பார்த்து ஆடிய கணக்கு பிடிபட்டதும் இப்படித்தான். ஆட்டக்காரர்களே ஒரு டூர்னமென்ட்டின் கைப்பதிவை எடுத்து அலசிக் கண்டுபிடித்தார்கள்.

சேரிடம் கேட்டேன். “தற்செயல் தம்பி” என்றார். சரி, என் கணக்கில் இருப்பதைத் தாருங்கள் என்றேன். முன்பு மூன்றாம் இடம் வந்த பரிசும் சேர்த்து 40,000 ரூபாய்ப் பெறுமதியான சிப்ஸ் இருந்தது. அதை எடுக்க முதலில் 8,000 ரூபாய் ‘சரிபார்ப்புக் கட்டணம்’ கட்ட வேண்டுமாம். இருப்பதிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் சிப்ஸ் பூச்சியமானது, கிளப்பிலிருந்தும் குரூப்பிலிருந்தும் என்னை நீக்கினார்கள். ஆப் நிறுவனத்துக்கு எழுதினேன். எங்கள் சிப்ஸ் விளையாட்டுக்கு மட்டும், காசு கொடுக்கல் வாங்கல் உங்களுக்கும் முகவருக்கும் (கிளப் நடத்திச் சிப்ஸ் விற்பவர்) இடையில் என்று பதில் வந்தது. கிளப் முறையில் ஓடும் ஆப்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. காசு முழுக்க முகவர் கையில், அவரைக் கேட்க மேலே யாரும் இல்லை.

போக்கர் படிப்பதையோ படிப்பிப்பதையோ நான் குறை சொல்லவில்லை. ஒழுங்கான பயிற்சியாளர் டூர்னமென்ட் முடிந்த பிறகு கைப்பதிவை வாங்கி உட்கார்ந்து பார்ப்பார். ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் சொல்லிக்கொடுப்பது பெரிய தளங்களின் விதிப்படி குற்றம், கணக்கையே மூடிவிடுவார்கள். ஆகவே ஆடும்போது ஸ்கிரீன் கேட்கிறவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கொடுக்காதீர்கள். சொல்லித்தருகிறவரே சிப்ஸும் விற்கிறார் என்றால் அவரிடம் போகவே வேண்டாம். பிளைண்ட் கணக்கும் ஆல்-இன் கணக்கும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, காசில்லாத மேசைகளில் ஆடிப் பழகலாம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், வங்கி ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், அதே மணிமேக்கர் படத்தோடு புதுக் குரூப் தொடங்கியிருக்கிறார்கள். ஏற்கனவே பணம் கட்டியவர்கள் இருந்தால், திருப்பிக் கேட்பதற்கு முன் உங்கள் கைப்பதிவுகள், சிப்ஸ் இருப்பு, சேருடைய மெசேஜ்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். கேட்ட அன்றே நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு கையைக்கூடத் திறந்து பார்க்க முடியாது.