முதுமலை ‘ஒருநாள் டூர்’: மசினகுடி ஜீப்புக்குக் காசு கொடுக்கும் முன்

“முதுமலை நேஷனல் பார்க், சஃபாரி உட்பட, ஒரே நாளில்.” திருப்பூர், அவிநாசி, கோபி பக்கம் வாட்ஸ்அப் குரூப்களில் இப்படி ஒரு விளம்பரம் ஓடுகிறது. எங்கள் சொந்தத்தில் குழந்தைகளோடு ஆறு பேர் இதை நம்பிப் போய்க் காசை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வண்டி கிளம்பும் நேரத்திலேயே ஏமாற்று வேலை ஆரம்பித்துவிடுகிறது.

காலை 6 மணிக்கு அவிநாசியில் ஏற்றுகிறார்கள். அன்னூர், மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி சேரவே பத்து மணி. பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், சாக்லேட் கடை (ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு, வேறென்ன). பிறகு கூடலூர் சுற்றி, முதுமலையில் வனத்துறை சஃபாரி கிளம்பும் தெப்பக்காடு போய் இறங்கும்போது மணி ஐந்து. வனத்துறை கவுன்டரில் அன்றைய சஃபாரி டிக்கெட் முடிந்திருக்கும். உடனே ஓட்டுநர் ஒரு போன் போடுவார். “டிக்கெட் தீந்துபோச்சுங்க. நம்ம பையன் மசினகுடியில ஜீப் வெச்சிருக்கான், உள்ளுக்குள்ள கூட்டிட்டுப் போவான்.” எங்கள் சொந்தக்காரர்களிடம் அந்த ஜீப்புக்கு வாங்கியது 3,500 ரூபாய்.

அந்த ‘உள்ளுக்குள்ள’ சுத்தப் பொய். புலிகள் காப்பகத்தின் காட்டுப் பாதைக்குள் சஃபாரி போவது வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டி மட்டும்தான். தனியார் ஜீப் ஓடுவது தெப்பக்காடு–மசினகுடி ரோடு, மாயார் ரோடு. இரண்டும் பொது ரோடு, உங்கள் காரிலேயே சும்மா போகலாம். அங்கே தெரிகிற புள்ளிமானையும் மயிலையும் காட்டித்தான் ‘சஃபாரி’ என்கிறார்கள். இருட்டிய பிறகு மண் பாதையில் இறக்கி, டார்ச் அடித்து யானை காட்டுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மாட்டினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் அபராதம் கட்ட வேண்டிவரும். நம் ஆட்களை வனத்துறையினர் நிறுத்தியபோது ஜீப்காரர் சொன்னது: “இவங்க கேட்டாங்கன்னுதான் வந்தேன் சார்.”

‘கல்லட்டி 36 கொண்டை ஊசி வளைவு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். ஊட்டியிலிருந்து அந்த வழியாக மசினகுடிக்கு இறங்க வெளி மாவட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. ஊட்டியில் உள்ளூர் ஜீப்புக்கு மாற்றி, தனியாகக் காசு கேட்பார்கள்.

இ-பாஸுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று டூர்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். ஆனால் அது இலவசம், அதுவும் வண்டிக்கு ஒன்று. அரசுத் தளத்தில் மொபைல் நம்பர், வண்டி நம்பர், தேதி கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

சொந்தமாகப் போவதானால் ஊட்டியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி, ஊட்டியில் நிற்காமல் கூடலூர் வழியாகப் போனால் பத்து, பத்தரைக்குத் தெப்பக்காடு. மதியச் சஃபாரிக்கு வனத்துறைத் தளத்திலேயே முன்கூட்டி டிக்கெட் எடுத்துவிடலாம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சஃபாரியை நிறுத்தியும் வைப்பார்கள், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்கள், ‘வனத்துறை சஃபாரி டிக்கெட் உண்டா, எத்தனை மணிக்கு’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் விளம்பரம், ஜிபே ரசீது, வண்டி நம்பர் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.