சரளி வரிசை தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கோடிங் கருவி?

இலங்கையின் வன்னிப் பக்கம் மல்லாவியில் சங்கீதம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் போன கிழமை போன் எடுத்தார். "அண்ணா, எங்களுக்கு அஞ்சு கணினி கிடைச்சிருக்கு. பிள்ளையளுக்குப் பாட்டோட சேர்த்துக் கோடிங் சொல்லிக் குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். ஸ்க்ராட்ச்சில தொடங்கவோ, சொனிக் பையில தொடங்கவோ?"

போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. முரசுமோட்டைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் நான்கு மடிக்கணினிகளையும் பன்னிரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, ஸ்க்ராட்ச், சொனிக் பை என்ற இந்த இரண்டு நிரல் எழுதும் மென்பொருளையும் பழக்கிப் பார்த்திருக்கிறேன். மைக்ரோபிட், மேக்கி மேக்கி என்று கையில் கிடைத்த சின்ன மின்னணுப் பலகைகளையும் விட்டுவைக்கவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை, இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், எதை வைத்து நிறுப்பது? எந்தக் கருவியில் எத்தனை வசதி என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை பிழை விட்டால் அதை யார் கண்டுபிடிக்கிறார்கள்? வழக்கமான கோடிங் வகுப்பில் திரை சிவப்பாகும், இல்லாவிட்டால் வாத்தியார் வந்து சொல்வார். இசையில் அந்த வேலையைக் காது செய்கிறது. வன்னிப் பிள்ளைகளின் காது சும்மா கிடந்த காது இல்லை. கோயில் திருவிழாவில் தவிலுக்கு முன்னால் நித்திரை கொண்டு வளர்ந்தவர்கள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குப் பறை கேட்டவர்கள், காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள். தாளம் பிசகினால் அவர்களுக்கு உடனே தெரியும், ஏன் என்று சொல்லத்தான் தெரியாது. அந்தக் காதை ஏமாற்றாத கருவி எதுவோ அதுவே நல்ல கருவி. இதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு கேள்வி: இணையம் இல்லாமல் ஓடுமா, தமிழில் இருக்கிறதா?

சரி, ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லாப் 2007-இல் வெளியிட்டது. இப்போது இருக்கிற 3.0 பதிப்பு 2019 சனவரியில் வந்தது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒன்றோடொன்று கொழுவினால் நிரல். உங்களிடம் இருக்கிற பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், அதைத் தெரிவுசெய்ததும் கட்டைகள் தமிழில் மாறிவிடும். எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தரம் 6 பிள்ளை ஒன்று ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மெட்டு மறந்துவிடும். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. இசைக்கான கட்டைகளை இடப்பக்கம் கீழ்மூலையில் இருக்கிற பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். 21 வாத்தியம், 18 தாள ஒலி. அந்தப் பதினெட்டில் கொங்கா உண்டு, பொங்கோ உண்டு. மிருதங்கமோ தவிலோ உடுக்கோ இல்லை.

முதல் வகுப்பில் நான் கொடுப்பது சரளி வரிசை, சங்கீதத்தில் பிள்ளைகள் முதலில் படிக்கிற சுரப்பயிற்சி. ஸ்க்ராட்ச்சில் சுரத்துக்கு எண் உண்டு. 60 என்றால் ஒரு கட்டைச் சுருதியின் ச. சரளி வரிசைக்குரிய ராகமான மாயாமாளவகௌளையின் ஆரோகணம், அதாவது ஏறுமுகம், 60, 61, 64, 65, 67, 68, 71, 72. சரிகமபதநிச, சநிதபமகரிச என்று பதினாறு கட்டை. ஒரு நாள் தரம் 7 பிள்ளை ஒருவர் 61-க்குப் பதில் 62 போட்டுவிட்டார். ஓடவிட்டுக் கேட்டார். முகம் கோணியது. திரும்ப ஓடவிட்டார். "ரி சரியில்லை" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. 63 போட்டுப் பார்த்தார், இன்னும் மோசம். 61-க்கு வந்ததும் என்னைப் பார்க்காமலே அடுத்த கட்டைக்குப் போனார். பிழை தேடித் திருத்துவது என்று கோடிங் புத்தகங்கள் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதுவதை அந்தப் பிள்ளை மூன்று நிமிடத்தில் செய்துவிட்டார். சுத்த ரிஷபமும் (61) சதுஸ்ருதி ரிஷபமும் (62) அவருக்கு முன்பே காதில் இருந்தன, எண்தான் புதிது.

மாறி, அதாவது மாற்றக்கூடிய ஒரு மதிப்புக்கு நிரலில் வைக்கும் பெயர், என்ற கருத்தை விளங்கப்படுத்தவும் இசை நன்றாக உதவுகிறது. பெட்டிக்குள் பொருள் வைப்பது மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. பிறகு 'சுருதி' என்ற பெயரில் ஒரு மாறி செய்து, அதில் 60 வைத்து, சுரங்களை சுருதி, சுருதி + 1, சுருதி + 4 என்று மாற்றச் சொன்னேன். அடுத்ததாக 60-ஐ 67 ஆக்கினால் முழு வரிசையும் ஐந்து கட்டைச் சுருதிக்கு ஏறிவிட்டது. சுருதிப் பெட்டியில் சுருதி மாற்றுவதைப் பார்த்த பிள்ளைக்கு இதில் விளங்காமல் போக எதுவும் இல்லை. மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்க ஸ்க்ராட்ச் விடுவது இன்னொரு நன்மை.

குறை எங்கே என்றால், காலத்தில், அதாவது வேகத்தில். முதற்காலம், அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாங்காலம் வரை பிரச்சினை தெரியாது. மூன்றாங்காலத்துக்கு வந்து, ஒரு சுரத்துக்கு 0.25 நொடி என்றாகும்போது தடுக்கத் தொடங்கும். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறைதான் தன் கட்டைகளைத் திரும்பிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு சுரமும் 0.03 நொடி வரை பிந்தலாம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கால் நொடிச் சுரத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். இன்னொரு கட்டை அடுக்கில் எட்டு அட்சர ஆதி தாளத்தைத் தனியாக ஓடவிட்டால் பாட்டும் தாளமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பிள்ளை தன் நிரலில் பிழை தேடுவார். அங்கே பிழை இருக்காது. இதைத்தான் காதை ஏமாற்றுவது என்கிறேன். கேட்கிற பிழை தன்னுடையதா கருவியுடையதா என்று தெரியாமல் பிள்ளை தன்மேல் சந்தேகப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

சொனிக் பை இந்த இடத்தில்தான் மேலே நிற்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் சாம் ஏரன் 2012-இல் உருவாக்கியது. ரூபி என்ற நிரல் மொழியை அடியாகக் கொண்டது, இலவசம், இணையம் இல்லாமல் ஓடும். இதில் கட்டை இல்லை, எழுத வேண்டும். 'பிளே 60' ஒரு வரி, 'ஸ்லீப் 1' அடுத்த வரி. ச ஒலிக்கும், ஒரு அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் கணக்கிடும் முறைதான் இதன் உயிர். நடுவில் கணினி வேறு கணக்குப் போட எடுத்த நேரத்தைக் காத்திருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். ஆகவே பிந்தல் சேர்ந்துகொண்டு போகாது. மூன்றாங்காலம் அரை மணித்தியாலம் ஓடினாலும் தாளத்தோடு நிற்கும்.

'லைவ் லூப்' என்று ஒன்று இருக்கிறது. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றி மீண்டும் ஓடவிடும் பொத்தானை அழுத்தினால், நடக்கிற ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடிந்து அடுத்த ஆவர்த்தனத்தில் மாற்றம் ஒலிக்கும், இடையில் நிற்காது. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் ஆட்டக்காரரைப் பார்த்துக்கொண்டே தாளத்தை மாற்றுவாரே, அது மாதிரி. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஒரு கணினியில் இருந்து, ஒருவர் தாளத்தையும் மற்றவர் சுரத்தையும் மாறி மாறி மாற்றுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகச் சொல்லி அவர்களை எழுப்புவது கஷ்டம். சரளி வரிசையின் இறங்குமுகத்தைத் திரும்ப எழுதத் தேவையில்லை. எட்டு எண்களையும் ஒரு பட்டியலாக வைத்து 'ரிவர்ஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அவரோகணம் வந்துவிடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் செய்யலாம். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்று அதைச் சொல்லிவிட முடியாது, ஆனால் கமகம் எங்கே தேவை என்று பிள்ளை கேட்கத் தொடங்குவதற்கு அது போதும். தப்லா ஒலிகளும் உள்ளேயே இருக்கின்றன.

ஆனால் எழுத்துத் தடை பெரியது. கட்டளை முழுக்க ஆங்கிலம். 'பிளே'க்கும் 60-க்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் நின்றுவிடும். 'டூ' போட்டுத் திறந்ததை 'எண்ட்' போட்டு மூடாவிட்டால் ஒன்றுமே ஒலிக்காது, ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி மட்டும் வரும். ஸ்க்ராட்ச்சில் வாயைத் திறந்த மாதிரி இருக்கிற கட்டை தானே மூடிக்கொள்வதால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. இங்கே காது உதவாது, ஏனென்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தரம் 5, 6 பிள்ளைகள் இரண்டு பேர் இந்த இடத்தில் சோர்ந்து வகுப்பை விட்டே போனார்கள். அதற்குப் பிறகு ஆறு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் மட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பையும் பொருளையும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். தரம் 8 பிள்ளைகள் இரண்டாவது கிழமையே மட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

இரண்டிலும் நம் வாத்தியம் குறைவு என்பதற்கு ஒரே மருந்துதான், நாமே ஒலிப்பதிவு செய்வது. ஊரில் மத்தளம் வாசிக்கும் ஓர் ஐயாவிடம் கேட்டோம். சனிக்கிழமை வந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தா, தி, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வாசித்துத் தந்தார். கைபேசியில் எடுத்து, முன்னும் பின்னும் இருந்த வெறும் சத்தத்தை வெட்டினோம். வெட்டாவிட்டால் தாளம் பிந்தும், அதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஸ்க்ராட்ச்சில் இதை ஒலிப் பகுதியில் ஏற்றலாம். சொனிக் பையில் கோப்பு இருக்கிற இடத்தை எழுதிக் கொடுக்கலாம். ஏற்றுவதற்கு ஸ்க்ராட்ச் இலகு, துல்லியமாக வாசிப்பதற்குச் சொனிக் பை.

பலகைகளைப் பற்றி இவ்வளவு சொல்லத் தேவையில்லை. மேக்கி மேக்கி கணினியின் விசைப்பலகை போல நடிக்கும் ஒரு பலகை. எட்டுச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் விட்டு, ஒரு கையால் தரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீரைத் தொட்டால் ஸ்க்ராட்ச்சில் சுரம் ஒலிக்கும். முன்பக்கம் ஆறு தொடுமுனைதான், மற்ற இரண்டு சுரத்துக்குப் பின்பக்கத்து முனைகளைப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணங்களைத் தட்டி வாசிக்கும் ஜலதரங்கம் பார்த்திராத பிள்ளைகள் இதைக் கண்டு துள்ளுவார்கள். மைக்ரோபிட்டில் தொடுமுனை மூன்று, பலகையிலேயே இரண்டு பொத்தான். ஆட்டினால் அறியும் உணரி இருப்பதால் கையில் கட்டிக்கொண்டு ஆட வைக்கலாம். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உள்ளேயே ஒலிபெருக்கி. பழையது கிடைத்தால் காதுக்கருவியை வயரால் இணைக்க வேண்டும். நிரலை ஏற்றிய பிறகு இரண்டு சின்ன பற்றரியில் தனியாக ஓடும் என்பது கரண்ட் போகிற நாளில் பெரிய ஆறுதல். ஆனால் இரண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பன்னிரண்டு பேருக்கு ஒன்று என்றால் பதினொரு பேர் வரிசையில் நிற்பார்கள். வருடத்தில் ஒரு நாள், கலைவிழாவுக்கு என்றால் சரி. கோடிங் படிப்பிக்க அது போதாது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இயர்ஸ்கெட்ச், பைதன் என்ற நிரல் மொழியைப் பாட்டு அடுக்குவதன் வழியாகப் படிப்பிக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவருக்கு அருமையான பாதை. ஆனால் முழுக்க இணையத்தில் இருக்கிறது. ஒருமுறை அதை நம்பி முழு வகுப்பையும் திட்டமிட்டேன். கைபேசி டேட்டாவில் ஒலிகள் இறங்காமல் பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு இணையம் வேண்டிய எதையும் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. தவிர, அதில் அடுக்குவது ஆயத்தமாக இருக்கிற இசைத் துண்டுகளை. சுரம் சுரமாகக் கட்டித்தான் பிள்ளையின் காது வேலை செய்யும் என்பது என் எண்ணம். கூகிளின் குரோம் மியூசிக் லாப் அழகானது, ஆனால் அது கோடிங் இல்லை.

ஆகவே ரீச்சருக்கு என் பதில்: தரம் 7 வரைக்கும் ஸ்க்ராட்ச், முடிந்தால் தமிழில். சரளி வரிசை, சுருதி மாறி, ஆதி தாளம், இவ்வளவும் ஒரு தவணைக்குப் போதும். பிள்ளை மூன்றாங்காலம் போட்டுப் பார்த்துவிட்டு "இது தடுக்குது" என்று தானாகச் சொல்கிற நாளில் சொனிக் பையைத் திறந்து காட்டுங்கள். அதற்கு முன் வேண்டாம். தரம் 8-க்கு மேல், ஆங்கில எழுத்து ஓரளவு ஓடுகிற பிள்ளையென்றால் நேராகச் சொனிக் பை; ஸ்க்ராட்ச்சில் காலத்தை வீணாக்கத் தேவையில்லை. நீங்கள் சங்கீத ரீச்சர் என்பதால் என்னைவிட உங்களுக்கு இது இலகு. நான் தேடிப் படித்த சுரத்தானங்கள் உங்களுக்கு நித்திரையிலும் தெரியும்.

கணினிகளை முதலில் பாருங்கள். விண்டோஸ் 7 இருந்தால் புதிய ஸ்க்ராட்ச் ஏறாது, பழைய 2.0 அல்லது 1.4 பதிப்பைப் போட வேண்டி வரும். நிறுவும் கோப்புகளை வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஒரு காதுக்கருவித் துளையை இரண்டாகப் பிரிக்கும் வயர் ஐந்து வாங்குங்கள், ஒரு கணினியில் இரண்டு பேர் கேட்கலாம். ஐந்து கணினியும் ஒன்றாகச் சத்தம் போட்டால் ஒருவருக்கும் தன் பிழை கேட்காது. சொனிக் பையில் ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கிறது, பிள்ளை செய்ததை ஒலிக்கோப்பாகத் தரும். ஸ்க்ராட்ச்சில் அது இல்லை, ஆகவே கைபேசியைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்பார்கள்.