கிரீன் கார்டு தேதி முடிந்தால் வேலை போய்விடாது: 17 நாள் சம்பளமில்லாமல் இருந்த பிறகு தெரிந்துகொண்டது

அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கார்டின் பத்து வருடம் முடியப்போகிறது என்றால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எனக்கு 17 நாள் வேலை இல்லாமல் போனது. 850 டாலரும் போனது. இரண்டுமே போயிருக்க வேண்டியதில்லை.

முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் பில்லிங் பிரிவில் மூன்று வருடமாக இருக்கிறேன். சேர்ந்த அன்று ஐ-9 படிவத்துக்கு (வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று முதலாளி சரிபார்க்கும் படிவம்) கிரீன் கார்டைத்தான் காட்டினேன். அதில் இருந்த காலாவதித் தேதியை அவர்கள் குறித்து வைத்திருந்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. புதிய கார்டைக் காட்டினால்தான் அதற்குமேல் ஷிப்ட் தர முடியும் என்று இரண்டே வரி. கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90 விண்ணப்பத்தை நான் அதுவரை போடவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே போடலாம். பிள்ளைகளின் பள்ளி மாற்றம், மாமியாரின் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போனது என் தவறுதான்.

பதறிப்போய், தெரிந்தவர் ஒருவர் கைகாட்டிய இமிக்ரேஷன் கன்சல்டன்டிடம் போனேன். தமிழர். உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். "அக்கா, புதுக் கார்டு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் வொர்க் பெர்மிட் எடுத்துடலாம், அதைக் காட்டினா ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். எல்லாம் சேர்த்து 850 டாலர், ரொக்கமாக. ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். நானும் நம்பிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் நம் மொழியில் ஒருவர் "கவலைப்படாதீங்க" என்று சொன்னதே பெரிய ஆறுதலாக இருந்தது.

கார்டு தேதி முடிந்த மறுநாள் ஷிப்ட் பட்டியலில் என் பெயர் இல்லை. கன்சல்டன்டை நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பார். "பிராசஸ்ல இருக்கு" என்பார்.

மூன்றாவது வாரம், எங்கள் நிலையத்து நர்ஸ் ஒருவர் நான் ஏன் வரவில்லை என்று விசாரித்துப் போன் செய்தார். அவருக்கும் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே தொல்லை நடந்திருக்கிறது. அவர் கொடுத்த எண்தான் 1-800-255-7688. அமெரிக்க அரசின் நீதித்துறையில் (Department of Justice) உள்ள சிவில் உரிமைப் பிரிவில் குடியேறியோர், தொழிலாளர் உரிமைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இது அவர்களின் தொழிலாளர் உதவி எண். கட்டணம் கிடையாது, பெயர் சொல்லாமலும் பேசலாம், ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்துப் பேசிய அம்மாள் பத்து நிமிடத்தில் சொன்னவை எனக்கு மூன்று வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. கார்டுக்குத்தான் காலாவதி, நிரந்தரவாசி என்ற நிலைக்கு அல்ல. சேரும்போது கிரீன் கார்டைக் காட்டிய ஒருவரிடம், அதன் தேதி முடிந்துவிட்டது என்பதற்காக மறுபடி ஆவணம் கேட்கவே கூடாது. முதலாளிகளுக்காகக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். வெளியிடும் எம்-274 கையேட்டிலேயே இது இருக்கிறது. எங்கள் எச்.ஆர். அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் அந்த இரண்டு வரி மெயிலில் தொங்கியது.

வொர்க் பெர்மிட் விஷயம் இன்னும் மோசம். நிரந்தரவாசிக்கு அது தேவையே இல்லை, விண்ணப்பித்தாலும் கிடைக்காது. கிடைக்காத ஒன்றுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன். குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர்களும் நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் மட்டுமே. கன்சல்டன்ட் என்று போர்டு மாட்டியவருக்கு அந்த உரிமை கிடையாது.

என் சம்மதத்தோடு அந்தப் பிரிவிலிருந்தே எச்.ஆருக்குப் பேசினார்கள். இரண்டாம் நாள் மறுபடி வேலை. விட்டுப்போன 17 நாள் சம்பளம் அடுத்த மாதம் வந்தது. பேச்சில் தீராவிட்டால் முறைப்படி புகார் கொடுக்கலாம், ஆனால் சம்பவம் நடந்த 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்தான்.

புது வேலையில் சேரப்போகிறவர்களுக்கு ஒன்று. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். கிரீன் கார்டைத்தான் காட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. டிரைவிங் லைசென்ஸும் கட்டுப்பாட்டு வாசகம் இல்லாத சோஷியல் செக்யூரிட்டி கார்டும் சேர்ந்தாலே போதும். இதில் நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. எச்-1பி வேலை விசாவில் வந்தபோது வாங்கிய சோஷியல் செக்யூரிட்டி கார்டில், குடியேற்றத் துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லுபடியாகும் என்ற வாசகம் அச்சாகியிருக்கும். கிரீன் கார்டு கிடைத்த பிறகும் அதையே அலமாரியில் வைத்திருப்போம். அந்தக் கார்டு ஐ-9க்குச் செல்லாது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கிரீன் கார்டைக் காட்டினால் வாசகம் இல்லாத கார்டு இலவசமாகத் தருவார்கள். நான் இப்போதுதான் மாற்றினேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் கார்டைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 18 வயதானவர்கள் செல்லுபடியாகும் கார்டை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு வருட நிபந்தனைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. திருமணம் மூலம் அந்தக் கார்டு பெற்றவர்கள், அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும், விட்டால் அந்த நிலையே போய்விடும்.

ஐ-90ஐ நானே ஆன்லைனில் உட்கார்ந்து போட்டேன். 415 டாலர், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரசீதுக் கடிதம் வந்தது. பழைய கார்டோடு அதைச் சேர்த்துக் காட்டினால் கார்டின் காலாவதித் தேதியிலிருந்து 36 மாதத்துக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

கன்சல்டன்ட் மேல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் வாட்ஸ்அப் உரையாடல்களைத்தான் பிரிண்ட் எடுத்து இணைத்தேன். பணம் இன்னும் வரவில்லை.