பாஹா பயணத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றிய பெட்ரோலும் ஸ்டாபிலும்

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவுக்கு ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியில் முகாமிடச் செல்பவர்கள் எந்த ஜெனரேட்டரை வாங்கலாம் என்று பலரிடம் கேட்கிறார்கள். அதில் எதை ஊற்றப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. முலேஹேவுக்குத் தெற்கே, கொன்செப்சியோன் விரிகுடாக் கரையில் மின் இணைப்பு இல்லாத ஓரிடத்தில் இந்தக் குளிர்காலத்தில் இரண்டு வாரம் தங்கினோம். ஹோண்டா ஈயூ2200ஐ ஜெனரேட்டரும், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டாபில் திரவமும்தான் எங்களுக்குத் துணை.

முதலில் ஆக்டேன் பற்றி, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண் பற்றி. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் பெட்ரோல் நிலையங்களில் பச்சைக் குழாயில் வரும் மாக்னா 87 ஆக்டேன், சிவப்புக் குழாயில் வரும் பிரீமியம் 91. இந்த ஜெனரேட்டருக்கு ஹோண்டா கேட்பதோ 86தான். ஆகவே மாக்னாவே போதும். ஆக்டேனைக் கூட்டும் புட்டிகளை வாங்கிச் சுமப்பது வீண் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கவலைப்பட வேண்டியது பெட்ரோலின் சுத்தத்தைப் பற்றித்தான். எல் ரொசாரியோவைத் தாண்டினால் குவெரேரோ நெக்ரோ வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. நடுவில் கத்தவீன்யாவில் சாலையோரமாகப் பீப்பாய்களில் வைத்து விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தேன். அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு நீர்த்துளி தனியே உருண்டு நின்றது, அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பொடி. வண்டியின் பெரிய தொட்டியில் அது ஒருவேளை தெரியாமல் போகலாம். ஜெனரேட்டரின் 121 சிசி எஞ்சினில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் சிறிய கார்புரேட்டர் தாங்காது. குவெரேரோ நெக்ரோவில்தான் கேனை நிரப்பினேன்.

ஸ்டாபிலை அங்கேயே, பெட்ரோல் பிடிப்பதற்கு முன்பே கேனில் ஊற்றிவிட்டேன். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லி, இரண்டரை கேலனுக்குப் போதும். 20 லிட்டர் கேனுக்கு 60 மில்லிக்குச் சற்றுக் கூடுதல். ஜெனரேட்டரின் 3.6 லிட்டர் தொட்டியில் நேரடியாக அளந்து ஊற்றுவது சிரமம் என்பதால் கேனிலேயே கலப்பது நல்லது. புதிய பெட்ரோலை 24 மாதம் வரை காக்கும் என்கிறது புட்டி. ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது என்பதை மறக்கக் கூடாது.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது முந்தைய ஆண்டின் தவற்றால்தான். எதுவும் கலக்காத பெட்ரோலை நான்கு மாதம் ஜெனரேட்டருக்குள்ளேயே விட்டுவைத்தேன். எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி இறங்கி உறுமியது. துப்புரவுத் திரவம் ஊற்றியும் பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றியபோது பெட்ரோலை அளவாக விடும் ஜெட் என்ற சிறு பாகத்தின் ஊசிமுனை அளவே இருந்த துளை மஞ்சள் பிசினால் அடைபட்டிருந்தது. செம்புக் கம்பியின் ஒற்றை இழையை நுழைத்துத்தான் அதைத் திறக்க முடிந்தது.

அதனால் இம்முறை ஸ்டாபிலை மட்டும் நம்பாமல், புறப்படும் நாளில் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டேன். இந்த வசதி ஈயூ2200ஐயிலேயே இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, அதே கேனில் மிஞ்சிய பெட்ரோலில், இரண்டாவது இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது.