விக்கலுக்கு எது கைகொடுக்கும்: தண்ணியா, சீனியா, மூச்சுப் பிடிப்பதா?

இலங்கையின் மலையகத்தில் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அப்பாயி "மூச்சு விடாம ஏழு மடக்கு தண்ணி குடி" என்பார். அம்மா சீனி டப்பாவைத் திறப்பார். மாமா பின்னால் வந்து "டேய்!" என்று கத்துவார். இவை எல்லாம் ஒன்றுதான், எதையாவது செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிலவற்றுக்கு உடம்பில் காரணம் இருக்கிறது, சிலவற்றால் வெறுமனே நேரம் போகிறது, ஒன்றிரண்டை நிறுத்தியே ஆகவேண்டும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது நம் கட்டுப்பாடில்லாமல் சட்டென்று சுருங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. அந்த நொடியே குரல்வளை அடைத்துக்கொள்கிறது. அப்போது வரும் சத்தம்தான் விக்கல். இதை நடத்துவதில் முக்கியப் பங்கு உதரவிதானத்துக்குப் போகும் நரம்புக்கும், தொண்டை வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்புக்கும் இருக்கிறது. ஆகவே மூச்சையோ தொண்டையையோ தொடாத வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் குறைவு.

விக்கல் ஏன் வருகிறது என்பதற்குத் தேயிலை மலைக்குப் போய்ப் பார்த்தால் போதும். கொழுந்து நிறுவைக்கு நேரமாகிறதே என்று காய்ந்த ரொட்டியையும் உறைப்புச் சம்பலையும் அள்ளிப் போட்டு, மேலே சுடச்சுடச் சாயத்தை, அதாவது தேநீரை, ஊற்றினால், வயிறு உப்பும், உறைப்பும் சூடும் தொண்டையை உறுத்தும். வேகமாக விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இத்தனையும் விக்கலைக் கிளப்பும். சோடா குடித்தாலும், சாராயம் போட்டாலும் அதே கதைதான்.

சரி, முதலில் மூச்சைப் பிடிப்பது. இதற்கு எதுவும் தேவையில்லை. மலையில் நின்றபடியே செய்யலாம், கொழுந்துக் கூடையை மட்டும் இறக்கி வைத்துவிட வேண்டும். நன்றாக மூச்சை இழுத்து, முடிந்தவரை அடக்கி, மெதுவாக விட வேண்டும். இரத்தத்தில் கரியமில வாயு கூடக்கூட விக்கலின் வேகம் குறைகிறது, அதுதான் இதன் அடிப்படை. நான்கைந்து தடவை செய்தால் சாதாரண விக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். பைக்குள் மூச்சு விடுவதும் இதே காரணத்துக்காகத்தான், ஆனால் கடையில் தரும் ஷொப்பிங் பேக்கை முகத்தில் வைக்கவே கூடாது. அது மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கு இந்த முறையைக் காட்டிக்கொடுக்கவே வேண்டாம்.

தண்ணீருக்கு வருவோம். அப்பாயி சொல்லும் ஏழு மடக்கில் ஏழுக்கு விசேஷம் ஏதும் இல்லை, 'மூச்சு விடாமல்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு தொடர்ந்து விழுங்கும்போது உதரவிதானமும் தொண்டையும் ஒரே நேரத்தில் வேலையில் மாட்டிக்கொள்கின்றன. மூச்சு, தொண்டை என்ற இரண்டு வழிகளும் ஒன்றுசேர்வது இதில்தான். அதனால் என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். நுவரெலியாவின் உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். அங்கே பீலியில், அதாவது குழாய் வழியாக விழும் ஊற்றில், பிடிக்கும் விடியற்காலைத் தண்ணி பல்லைக் கூசவைக்கும். அந்தக் குளிர்ச்சி தொண்டைக்கு இன்னும் நல்ல தூண்டல். ஆனால் கொதிக்கும் சாயத்தைக் குடித்த கையோடு பீலித் தண்ணியைக் குடிக்காதீர்கள், திடீர் சூடு குளிர் மாற்றமே சிலருக்கு விக்கலைக் கொண்டுவரும். குனிந்து நின்று டம்ளரின் மறுபக்க விளிம்பில் குடிக்கச் சொல்பவர்களும் உண்டு. பெரியவர்களுக்குப் பரவாயில்லை, சிறுபிள்ளைகளுக்குப் புரையேறிவிடும்.

விழுங்கும் வழியில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. பலமாக உறிஞ்சி உடனே விழுங்க வைக்கும் ஒரு குழாயைப் பற்றி 2021இல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பயன்படுத்திய 249 பேரின் பதில்களை வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட 92 சதவீதத் தடவைகளில் விக்கல் நின்றிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. என்றாலும் உறிஞ்சி விழுங்குவதும் அப்பாயியின் மடக்குத் தண்ணியும் ஒரே திசையில்தான் போகின்றன.

சீனி இரண்டாவது இடம். நம் ஆட்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுஞ்சாயம் குடிப்பவர்கள், ஆகவே தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எதிலும் இந்த மருந்துக்குப் பஞ்சமில்லை. 1971இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த குறிப்பின்படி, விக்கல் வந்த 20 பேருக்கு ஒரு தேக்கரண்டி சீனியை அப்படியே விழுங்கக் கொடுத்ததில் 19 பேருக்கு உடனே நின்றது. சிலருக்கு நாட்கணக்கில் தொடர்ந்த விக்கல் அது. சீனியைக் கரைக்காமல், வெறுமனே விழுங்க வேண்டும், அந்த மணிகள் தொண்டையின் பின்பக்கத்தை உராய்வதுதான் மருந்து. சாயத்தில் கலக்கிக் குடித்தால் அந்த உராய்வு போய்விடும். இதை நான் இரண்டாவதாக வைப்பதற்கு ஒரே காரணம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் விக்கல் வரும்போதெல்லாம் டப்பாவைத் திறக்க முடியாது. அவர்களுக்குத் தண்ணியும் மூச்சும் போதும்.

எலுமிச்சைத் துண்டைச் சப்புவதும் தொண்டையைச் சுண்டிவிடும் வழிதான். மது குடித்ததால் விக்கல் வந்தவர்களுக்கு, பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு தோய்த்த எலுமிச்சைத் துண்டைக் கொடுத்து 16 பேரில் 14 பேருக்கு நின்றதாக 1981இல் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. எட்டுத் திப்பிலி, பத்துச் சீரகம், தேன் என்பது சித்த வைத்தியத்தின் பழைய கணக்கு. தேன் தொண்டையில் இறங்குவது இதமாக இருக்கும், ஆனால் இடித்துப் பொடித்து முடிப்பதற்குள் சாதாரண விக்கல் தானாகவே நின்றிருக்கும். இஞ்சிச் சாயமும் அப்படித்தான், ஆறவைத்துக் குடித்தால் நல்லது.

பயமுறுத்துவதை நான் முழுக்க எதிர்க்கிறேன். திடுக்கிட்டு மூச்சை இழுத்து அடக்குவதால் சிலருக்கு நின்றிருக்கலாம், அதே பலனை அமைதியாக மூச்சைப் பிடித்தே பெறலாம். வாயில் ரொட்டியோடு இருப்பவரைத் திடுக்கிட வைத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சறுக்கும் சரிவில் கூடையோடு நிற்பவரின் பின்னால் போய்க் கத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதய வருத்தம் உள்ள பெரியவர்களிடம் இது வேண்டவே வேண்டாம். "என் காசை நீதானே எடுத்தாய்?" என்று திடீரெனப் பழி போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், பிள்ளை உண்மையிலேயே நொந்துபோகும்.

இதற்கு நேர்மாறாக, "யாரோ உன்ன நினைக்கிறாங்க, யாருன்னு சொல்லு" என்று பெயர்களை எண்ண வைப்பது எனக்குப் பிடித்த வழக்கம். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் நிறைய. அவர்களிடம் "அம்மாதான் நினைக்கிறா" என்று சொல்லும்போது பிள்ளையின் கவனம் திரும்புகிறது, மூச்சும் சீராகிறது. மருந்து என்று பார்த்தால் இது பலமானதல்ல. கெடுதலும் இல்லை, அன்பும் இருக்கிறது, விட்டுவிட வேண்டாம்.

கைக்குழந்தைக்கு இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தாது. வயிற்றில் இருக்கும்போதே குழந்தைகளுக்கு விக்கல் வரும். பிறந்த பிறகு அடிக்கடி வருவதும் இயல்பு. நெற்றியில் ஈர நூல் ஒட்டுவதால் தீங்கில்லை, விக்கலை நிறுத்துவதும் அதுவல்ல. தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விடவையுங்கள், அல்லது பால் கொடுங்கள். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரும் சீனித் தண்ணியும் வேண்டாம், ஒரு வயதுக்கு முன் தேன் துளியும் கூடாது. நாக்கில் தேன் தடவ ஆசைப்படும் பாட்டிமாரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு 48 மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரைப்பை, சிறுநீரகம், மூளை என்று காரணம் எங்கும் இருக்கலாம், சில மருந்துகளாலும் விக்கல் வரும், ஆகவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். விக்கலோடு கைகால் மரத்துப்போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ இரண்டு நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். உடனே 1990 என்ற எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.