மாதவிடாய் வலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை: 8 மாதம் பயன்படுத்திய பிறகு

மெடிக்கல் கடையில் வாங்கிய 2 லிட்டர் பை. முதல் நாள் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும்போது, மூன்றில் இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி, மூடுவதற்கு முன் லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, பழைய துண்டில் சுற்றி வயிற்றில் வைத்துப் படுத்தால் இருபது நிமிடத்தில் இறுக்கம் தளர்கிறது. புராஸ்டகிளாண்டின் என்கிற வேதிப்பொருள் உடம்பில் சுரந்து கர்ப்பப்பை சுருங்குவதால் வருகிற வலிதானே, சூடு பட்டால் தசை இளகும்.

ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். இதற்கு முன் வைத்திருந்த பையில் மூடியின் வாஷர் சரியில்லை, வெந்நீர் கசிந்து தொடையெல்லாம் சிவந்துபோனது. வாங்கியதும் பச்சைத்தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ரப்பர் வாடை இரண்டு வாரம் இருந்தது, அப்புறம் போய்விட்டது.

கூடவே சுக்கு தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காபி, எனக்குக் குமட்டல் அடங்குகிறது. அம்மா தருகிற வெந்தய மோரில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் பையை நம்பி உட்காராதீர்கள், எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். சாதாரண வலிக்கு இதைத் தாராளமாக வாங்கலாம், தங்கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.